மூணு ஊர்க் கல்

“கல்லைக் காட்டுங்க. காட்ட முடியலேன்னா வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்க.”

சர்வேயர் பாக்கியநாதன் இதைக் கோபத்தோடு சொல்லவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். அவருக்குக் கருவேலம்பூ ஒத்துக்கொள்ளாது, விடாமல் தும்மல் வரும். அந்தத் தும்மலுக்கும் உப்பாரேந்தல் ஜனங்கள்தான் பொறுப்பு என்பதுபோல எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். புதன்கிழமை சாயங்காலம் மூன்று மணிக்குத் திரும்பி வருவாராம். அதற்குள் கல் வேண்டும்.

விஷயம் இதுதான். உப்பாரேந்தலில் எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். ஒரே ஒரு ஊருணியில் மட்டும் நல்ல தண்ணீர். நூற்றெண்பது வீடும் அதைத்தான் குடிக்கிறது. அந்த ஊருணியைச் சுற்றித் தவசிலிங்கம் என்ற பெரிய மனிதர் முள்கம்பி போட்டுவிட்டார். பக்கத்தில் நாற்பது ஏக்கர் வாங்கியவர். ஊருணித் தண்ணீரை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புவது அவர் திட்டம்.

கேட்கப் போனவர்களிடம் அவர் சண்டை போடவில்லை. சிரித்தார். அதுதான் எரிச்சல்.

“ஊருணி உங்களோடதுதான்ப்பா, நான் இல்லேங்கலையே. தாலுகா ஆபீஸ்ல ‘அ’ பதிவேட்டை எடுத்துப் பாருங்க. நூத்திப் பதினெட்டாம் நம்பர், ஊருணிப் புறம்போக்குன்னு தெளிவா இருக்கு. ஆனா நூத்திப் பதினெட்டு இது இல்ல. அந்தா மேற்க தூர்ந்து கெடக்குல்ல ஒரு பள்ளம், அதான் உங்க ஊருணி. தண்ணி கெடக்குற இது என் பட்டா, நூத்திப் பதினேழு.”

பதிவேடு எந்த நம்பர் யாருக்கு என்று சொல்லும். அந்த நம்பர் தரையில் எங்கே கிடக்கிறது என்று சொல்லாது. அதை வரைபடம்தான் சொல்ல வேண்டும். வரைபடத்தைத் தரையில் பொருத்துவதற்கு இரண்டு பழைய அடையாளமாவது வேண்டும். காலண்டரை ஒற்றை ஆணியில் மாட்டினால் காற்றுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், இரண்டாவது ஆணி அடித்தால்தான் நிற்கும். உப்பாரேந்தலுக்கு முதல் ஆணி கண்மாய் மடை. கருங்கல் கட்டடம், அதில் யாரும் கை வைக்க முடியாது. இரண்டாவது, மூன்று கிராமத்து எல்லையும் கூடுகிற இடத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட கல். மூணு ஊர்க் கல் என்பார்கள். சீமைக் கருவேலங்காடு அதை விழுங்கி முப்பது வருஷம் ஆகிவிட்டது.

தவசிலிங்கம் அந்தக் கல்லையும் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார், எவ்வளவு அக்கறை பாருங்கள். தலை உடைந்த ஒரு கல். அதை வைத்து அளந்தால் ஊர்ப் படம் முழுவதும் மடையைச் சுற்றித் திரும்பிக்கொண்டது. ஊருணி நம்பர் நகர்ந்து போய்த் தூர்ந்த பள்ளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

இதை ஆட்சேபித்து மனுப் போட்டவள் இருளாயி. வயது இருபத்துநாலு. பரமக்குடியில் ஒரு கட்டட ஆபீசில் வீட்டு பிளான் வரைகிறவள். திங்கட்கிழமை சர்வேயர் முன்னால், ஊரே கேட்க, அவள் சொன்னாள்: “சார், அவர் காட்டுற கல்லு மடையிலேர்ந்து ஆயிரம் மீட்டர் தள்ளிக் கெடக்கு. நான் படத்துல அளந்து பாத்துட்டேன். எழுநூத்திப் பத்து மீட்டர்லதான் இருக்கணும். அவர் காட்டுறது பொய்க் கல்லு.”

தவசிலிங்கம் அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருளாயிக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படித்த பிள்ளைகளிடம் இதுதான் கஷ்டம்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் மூன்று பேர் மடையில் கூடினார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் நல்ல வார்த்தை பேசாத மூன்று பேர்.

இருளாயி தோள்பையில் கிராம வரைபடத்தின் ஜெராக்ஸ், ஸ்கேல், திசைகாட்டி. இபுராகிம் கரிமூட்டம் போடுகிறவர், கருவேல மரத்தை வெட்டிச் சுட்டுக் கரியாக்குவது தொழில். நாற்பது வயது. காட்டை அவரைப்போலத் தெரிந்தவர் கிடையாது. ஆனால் மூணு ஊர்க் கல் இருக்கும் மேற்குக் காட்டுக்குள் அவரும் போனதில்லை. அங்கே மரம் மரமாக இல்லை, சுவராக இருந்தது. மூன்றாவது ஆள் வார்டு மெம்பர் கூரிச்சாமி. இருளாயிக்குச் சொந்த அத்தை மகன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கிடாவெட்டில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்து பேச்சு அறுந்துபோனது. மூன்று வருஷத்துக்கு முன் இருளாயியின் அப்பா செத்தபோதுகூட அவர் தெருவோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மெம்பர் என்ற முறையில் வந்தே தீர வேண்டும், அதனால் வந்திருந்தார்.

“பரமக்குடி எஞ்சினியரு வழி காட்டுனா நாங்க பின்னால வர்றோம்” என்றார் கூரிச்சாமி, இபுராகிமைப் பார்த்து.

“மெம்பர்கிட்ட கயித்தோட ஒரு முனையக் குடுங்கண்ணே” என்றாள் இருளாயி, அவளும் இபுராகிமைப் பார்த்து.

“நான் என்ன தபால்காரனா?” என்றார் இபுராகிம். “கயித்தப் புடிங்க ரெண்டு பேரும். வெயில் ஏறுனா உள்ள வெந்து சாவோம்.”

இருபத்தைந்து மீட்டர் நைலான் கயிறு. திசைகாட்டி மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து காட்டியது. முன்னால் இபுராகிம் அருவாளால் வெட்டிப் போகிறார். கயிற்றின் ஒரு முனையோடு இருளாயி. மறு முனையோடு கூரிச்சாமி. கயிறு விறைத்து நின்றதும் அவள் ஒரு குச்சி நட்டு “ஒண்ணு” என்பாள். பிறகு அவர் அந்தக் குச்சிக்கு வருவார். அவள் அடுத்த இருபத்தைந்துக்குப் போவாள். இப்படியே எண்ணிக்கொண்டு போக வேண்டும்.

கேட்க லேசாக இருக்கிறது. அந்தக் காட்டில் ஒரு கயிறு நகர்வதற்கு ஐந்து நிமிஷம் ஆனது. மூன்றாவது கயிற்றிலேயே கூரிச்சாமியின் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் பாதத்தில் ஏறியது. எட்டாவதில் இருளாயியின் முக்காடு மேலே ஒரு கிளையில் போய்த் தொங்கியது, அதை எடுக்கப் போய் முழங்கை வரை கோடு கோடாக ரத்தம். குளவி ஒன்று இபுராகிமின் காதைப் பதம் பார்த்தது. காற்று என்று ஒன்று அந்தப் பக்கமே வரவில்லை. இந்த மரம் ஒரு குருவிக்காவது நன்மை செய்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, மனுஷனுக்குச் செய்யவில்லை.

பதினேழாவது கயிற்றின் முடிவில் செங்கல் கட்டிய ஒரு பாழுங்கிணறு குறுக்கிட்டது. இருளாயி படத்தைப் பிரித்தாள். கிணறு படத்தில் இருந்தது. சந்தோஷப்பட்டாள்.

இபுராகிம் சந்தோஷப்படவில்லை. “என்ன தங்கச்சி, கெணறு முந்நூறு மீட்டர்ல வரும்னியே. பதினேழு கயிறு வந்துட்டோம். நானூத்தி இருபத்தஞ்சு ஆச்சு.”

“முள்ளுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு வந்தோம்லண்ணே. கயிறு தொய்ஞ்சிருக்கும். மெம்பர் ஒழுங்கா இழுத்துப் புடிக்கலை.”

“ஆமா, கெணத்தத் தள்ளி வச்சதும் நாந்தான்” என்றார் கூரிச்சாமி.

அந்த இடத்தில் அவள் நின்று யோசித்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். யோசிக்கவில்லை, நடந்தாள்.

இருபத்தெட்டுக் கயிறும் பத்து மீட்டரும். எழுநூற்றுப் பத்து. “இங்கதான்” என்று கடப்பாரையை ஊன்றினாள்.

தோண்டினார்கள். முழங்கால் ஆழம் தோண்டினார்கள். அந்தப் பக்கம் இரண்டு குழி, இந்தப் பக்கம் இரண்டு குழி. வேரும் சுண்ணாம்புக் கட்டியும்தான் வந்தது. ஐந்தாவது குழிக்காகக் கூரிச்சாமி ஒரு சருகுக் குவியலைக் காலால் தள்ளப் போனார். இபுராகிம் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டார். சருகுக்குள் சுருண்டு கிடந்த விரியன் ஒரு தடவை சீறிவிட்டு, நிதானமாக அடுத்த புதருக்குள் போனது. கூரிச்சாமி விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அவருக்குப் பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

“மணி பத்தரை. கல்லும் இல்ல மண்ணும் இல்ல. ஏ, இவ படிச்ச படிப்புக்கு நான் பாம்பு கடிச்சுச் சாகணுமா? ஊர் முன்னாடி எழுநூத்திப் பத்துன்னு சவடால் அடிச்சா. ஊரே நம்புச்சு. இப்ப சாயங்காலம் அந்தாளு சிரிப்பான், நம்ம பொண்டு பொடுசு எல்லாம் உப்புத் தண்ணியக் குடிக்கணும்.”

“நீங்க குடிக்க மாட்டீகளே, உங்க வீட்லதான் கேன் தண்ணி வாங்குறீகளே” என்றாள் இருளாயி.

“அப்பன் வாய் அப்படியே இருக்கு.”

“அப்பாவப் பத்திப் பேசாதீங்க. சாவுக்கு உள்ள வராத ஆளு பேசாதீங்க.”

சத்தம் காட்டைத் தாண்டிப் போனது. இருளாயிக்குக் கண் கலங்கிவிட்டது, அது துக்கம் இல்லை, முழு ஆத்திரம். கூரிச்சாமி கடப்பாரையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.

“வாயப் பொத்துங்க ரெண்டு பேரும்” என்றார் இபுராகிம். “தங்கச்சி, நான் படிக்காதவன். கரிமூட்டம் போடுறவன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. கெணறு தப்பான எடத்துல இருக்கா, உன் காகிதம் தப்பா?”

இருளாயி கீழே உட்கார்ந்தாள். படத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

கீழே மூலையில் 1:5000 என்று அச்சாகியிருந்தது. காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஐம்பது மீட்டர். மடையிலிருந்து கிணறு ஆறு சென்டி, அதனால் முந்நூறு. கல் பதினாலு புள்ளி இரண்டு, அதனால் எழுநூற்றுப் பத்து. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஆபீசில் அவள் வரைகிற பிளானை அவளே பிரிண்ட் எடுப்பாள். கீழே என்ன அளவு எழுதியிருக்கிறதோ அதுதான் காகிதத்தில் வரும். ஆறு வருஷமாக ஸ்கேலை வைத்தாள், நம்பினாள். ஆனால் இது அவள் வரைந்த படம் இல்லை. தாலுகா ஆபீசில் கொடுத்த பெரிய தாளை எதிர்க் கடையில் ஜெராக்ஸ் போட்டாள். கடைக்காரன் பெரிய தாள் இல்லை என்று சின்னத் தாளில் அடங்குகிற மாதிரி சுருக்கி எடுத்துக் கொடுத்தான். படம் சுருங்கியது. கீழே இருந்த 1:5000 மட்டும் அப்படியே 1:5000 என்றே நின்றது. எண்ணுக்கு என்ன தெரியும், தான் சுருங்கிவிட்டோம் என்று?

“அண்ணே” என்றாள். “காகிதம்தான் தப்பு. கெணறு சரி. கயிறும் சரி. மெம்பர் கயித்த ஒழுங்காத்தான் புடிச்சாரு.”

நடந்துகொண்டிருந்த கூரிச்சாமி நின்றார். அந்தக் கடைசி வார்த்தை நிறுத்தியது.

அவள் மண்ணில் குச்சியால் எழுதினாள். காகிதத்தில் ஆறு சென்டி, தரையில் நானூற்று இருபத்தைந்து மீட்டர். அப்படியானால் இந்தச் சுருங்கின தாளில் ஒரு சென்டிக்கு எழுபது மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பதினாலு புள்ளி இரண்டுக்கு ஆயிரத்து ஐந்து.

“ஆயிரமா?” கூரிச்சாமி திரும்பி வந்தார். “அப்ப தவசிலிங்கம் காட்டுன தூரம்?”

“தூரம் நெசம். திசைதான் பொய். தெக்க தள்ளி நட்டு வச்சிருக்கான். நான் தூரத்தப் பொய்யின்னு சொன்னேன். சர்வேயர் அளந்தா ஆயிரம்னே வரும், அவன் கல்லே நெசம்னு ஆயிரும். அதான் சிரிச்சான்.” அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “நானே அவனுக்குச் சாட்சி சொல்லப் பாத்தேன் மச்சான்.”

மச்சான் என்றது தன்னையறியாமல் வந்துவிட்டது. மூன்று பேரும் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

“இன்னும் பன்னெண்டு கயிறு” என்றார் கூரிச்சாமி, கடப்பாரையை எடுத்துக்கொண்டே. “அழுதுக்கிட்டு நின்னா நகராது. புடி முனைய.”

அந்தப் பன்னிரண்டு கயிறு முதல் இருபத்தெட்டைவிட மோசம். தண்ணீர் கேனில் பாதிதான் இருந்தது. வெயில் உச்சிக்கு வந்து நின்றது. முப்பத்துநாலாவது கயிற்றில் ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு எதிரே நின்று உறுமியது. இபுராகிம் அருவாள் முதுகால் கேனைத் தட்டித் தட்டி, எழுத முடியாத வசவுகளைச் சொன்னார். பன்றிக்குப் புரிந்ததோ என்னவோ, குட்டிகளை அழைத்துக்கொண்டு விலகிப் போனது.

நாற்பதாவது குச்சியை நட்டார்கள். எதிரே ஆள் உயரத்துக்குக் கறையான் புற்று. கல் எங்கும் இல்லை.

மூன்று பேரும் புற்றையே பார்த்தார்கள். கூரிச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் கடப்பாரையால் அடியில் குத்தினார். மூன்றாவது குத்தில் ‘டங்’ என்றது.

மண்ணைத் தள்ளத் தள்ள ஒரு கருங்கல் எழும்பி வந்தது. இடுப்பளவு உயரம், அகலம் ஒரு முழம். தலை உடையவில்லை. இருளாயி தன் முக்காட்டால் அதன் உச்சியைத் துடைத்தாள். நடுவிலிருந்து மூன்று திசைக்கு மூன்று கோடு, உளியால் வெட்டியது. ஒரு கோடு உப்பாரேந்தலைப் பார்த்து. மற்ற இரண்டும் அடுத்த இரண்டு ஊரைப் பார்த்து.

அவள் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

“நான் போய் சர்வேயரக் கூட்டிட்டு வாரேன்” என்று இபுராகிம் கிளம்பினார். “வழி வெட்டியாச்சு, ஓட்டமா போயிருவேன். கல்ல விட்டு நகராதீங்க.”

அவர் போய்க் கால் மணி நேரம் இருக்கும். நாய் குரைத்தது.

வடக்கே இருந்து நாலு பேர் வந்தார்கள். தவசிலிங்கத்தின் காவல்காரர்கள். முன்னால் வந்தவன் மொக்கையன், தோளில் கல்லுடைக்கிற சம்மட்டி. காலையில் போட்ட சண்டைச் சத்தம் அவர்களை இழுத்து வந்திருந்தது.

“நல்ல வேலை பாத்தீக” என்றான் மொக்கையன். “நாங்க ஒரு மாசமாத் தேடுனோம் இதை, பொடி ஆக்குறதுக்கு. தள்ளுங்க.”

இருளாயி கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏய், எறங்கு புள்ள. சம்மட்டிக்குக் கண்ணு தெரியாது.”

“எறங்க மாட்டேன். இது சர்க்கார் கல்லு. ஒடைச்சா உனக்குத்தான் கேசு, உன் மொதலாளிக்கு இல்ல. அவரு உன்னயத் தெரியாதும்பாரு.”

மொக்கையன் சம்மட்டியை இறக்கிக் கல்லின் அடியில் ஓங்கி ஒரு போடு போட்டான். அதிர்வு அவள் பல் வரைக்கும் ஏறியது. ஒரு சில்லு தெறித்து அவள் கணுக்காலைக் கிழித்தது. இறங்கவில்லை. இன்னொருத்தன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

அப்போது கூரிச்சாமி கடப்பாரையோடு குறுக்கே வந்தார். பாதத்தில் முள் ஏறிய ஆள், நொண்டிக்கொண்டுதான் வந்தார். “என் மாமன் மக மேல கை வச்ச கைய இப்ப எடு. இல்லேன்னா கை மட்டும் இங்கயே கெடக்கும்” என்றார்.

அவன் எடுத்தான். கூரிச்சாமியும் கல்லின் மறுபக்கம் அவள் முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

நாய்கள் சுற்றிச் சுற்றி வந்தன. காவல்காரர்கள் நின்று திட்டினார்கள், தாயை, பாட்டியை, ஊரை. மொக்கையன் நடுநடுவே சம்மட்டியை ஓங்குவான், இறக்குவான். இரண்டு பேரைக் கொன்றுவிட்டு ஒரு கல்லை உடைக்கிற அளவுக்குச் சம்பளம் போதுமா என்று அவனுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. இப்படி இரண்டு மணி நேரம். கேனில் மிச்சம் இருந்த தண்ணீரைக் கூரிச்சாமி முதலில் அவளிடம் நீட்டினார்.

தூரத்தில் தொடர்ந்து ஏழெட்டுத் தும்மல் கேட்டது. பாக்கியநாதன் வந்துவிட்டார்.

பின்னால் பாதி ஊர் வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் மொக்கையன் சம்மட்டியைப் புதரில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக ஒதுங்கி நின்றான். சர்வேயர் கல் உச்சியைத் தடவிப் பார்த்தார். மூன்று கோட்டையும் பழைய குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, “இதுதான்” என்றார். வேறு பாராட்டு எதுவும் அவரிடமிருந்து வரவில்லை.

கம்பத்தின் மேல் குடை வைத்த மாதிரி ஒரு மெஷின். கல்லில் ஒரு தடவை வைத்தார், மடையில் ஒரு தடவை வைத்தார். படம் இரண்டு ஆணியில் நின்றது. அப்புறம் ஊருணிக்குப் போய் நூற்றுப் பதினெட்டின் மூலைகளை அளந்து ஒவ்வொன்றாக எல்லை முளை அடித்தார். முதல் முளை முள்கம்பிக்கு வெளியே மேற்கே விழுந்தது. இரண்டாவது வடக்கே. மூன்றாவது தெற்கே. தண்ணீர் முழுவதும் உள்ளே. பொம்பளைகள் குலவை போட்டார்கள். தவசிலிங்கம் முதல் தடவையாகச் சிரிக்காமல் நின்றார்.

நாலாவது மூலைக்கு மெஷின் கிழக்கே நடந்தது. கரையைத் தாண்டியது. ஒரு வேலியைத் தாண்டியது. இருளாயி வீட்டுக் கொல்லைக் கதவுக்குள் நுழைந்தது. அடுப்படியில், அம்மிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

குலவை நின்றுபோனது.

அந்த அடுப்படியை அவள் அப்பா தன் கையாலேயே கட்டினார், கூலிக்கு ஆள் விடாமல். வாசலில் அம்மா பஞ்சவர்ணம் கையில் கரண்டியோடு நின்றாள். எல்லாரையும் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

தவசிலிங்கத்துக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. அருகில் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: “பாத்தியா தாயி, நானும் ஆக்கிரமிப்பு, நீயும் ஆக்கிரமிப்பு. மனுப் போட்டது நீ. ‘எனக்கு இந்த அளவுல சம்மதம் இல்ல’ன்னு ஒரு வரி எழுதி மனுவ வாபஸ் வாங்கு. இன்னிக்கு நடந்ததெல்லாம் நடக்காத மாதிரி ஆயிரும். உங்கப்பன் கட்டுன சுவரு நிக்கும். உன் வீட்டுக்கு மட்டும் தண்ணிக்கு நான் வழி விடுறேன்.”

எழுதாதே என்றுகூட ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் வீட்டுச் சுவர், எப்படிச் சொல்வார்கள்? நூற்றெண்பது வீட்டுக் குடமும் ஒரு பெண்பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இருளாயி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தில் எழுது என்றும் இல்லை, எழுதாதே என்றும் இல்லை. வெறும் கோபம் இருந்தது.

“சார்” என்றாள் இருளாயி. அவர் பக்கம் திரும்பினாள். “சார், எழுதிக்கங்க. நூத்திப் பதினெட்டு, கெழக்கெல்லை எங்க அடுப்படிக்குள்ள. நாலாவது முளைய அங்கயே அடிங்க.”

பாக்கியநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அஞ்சடி போகும்மா. அடுப்பு, அம்மி எல்லாம்.”

“கல்லு நம்ம பக்கம் பேசும்போது மட்டும் நெசம்னு சொல்ல முடியாதுல்ல சார்.”

அவர் முளையை அடித்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். கூரிச்சாமி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஊர் கூடி முள்கம்பியைச் சுருட்டித் தவசிலிங்கத்தின் வாசலில் போட்டது. சனிக்கிழமை இருளாயி லீவு போட்டுவிட்டு வந்து அடுப்படிக் கூரை ஓடுகளைப் பிரித்தாள். கேட்காமலே கூரிச்சாமி வந்து ஏணியைப் பிடித்தார், பிறகு அவரே மேலே ஏறினார். பஞ்சவர்ணம் இரண்டு பேரிடமும் பேசவில்லை. மூன்று நாளாக மகளிடம் பேச்சே கிடையாது.

படத்தின் மூலையில் அச்சடித்த அளவை அப்படியே நம்பாதீர்கள், தரையில் தெரிந்த இரண்டு இடத்தை முதலில் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கதையிலிருந்து நான் சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான். மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதற்கு அவள் அளவு நெஞ்சு வேண்டும்.

மத்தியானம் பஞ்சவர்ணம் இடித்த செங்கல்லில் மூன்றை எடுத்து வெளியே அடுப்புக் கூட்டினாள். ஊருணிக்குப் போய் ஒரு குடம் எடுத்து வந்தாள். உலை வைத்தாள். சோறு வடித்தாள். தட்டைக் கொண்டுவந்து, மண்ணும் காரையுமாக உட்கார்ந்திருந்த மகள் முன்னால் ‘ணங்’கென்று வைத்தாள். கூரிச்சாமி முன்னாலும் ஒரு தட்டு, அதே ‘ணங்’.

“அந்தக் கம்பி போட்டதுலேர்ந்து உப்புத் தண்ணியில சோறு வேகவே இல்ல. இன்னிக்கு வெந்துருக்கு, தின்னுங்க” என்றாள். “தின்னுட்டு அந்த மிச்சச் சுவத்தையும் இடிங்க. அரைச் சுவத்த வச்சுக்கிட்டு எவ மாரடிக்கிறது.”